பாதையின் மக்களும் பக்கத்து வீட்டாரும்: நார்த் பிளாட் என்னும் இரயில் நகரம்

‘இப்னுஸ் ஸபீல்’ என்னும் அரபுத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘பாதையின் மகன்’ என்று வரும். வழிப்போக்கருக்கு அரபியர் இட்ட பெயர் இது. பாதையைப் பிரியாது அதனோடு ஒட்டியே இருப்பதால் அதன் மகன் எனப்பட்டான் என்பர் விரிவுரையாளர்கள். அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் ஸகாத்துக்கு உரிய எட்டு வகையினரை எண்ணி வரும்போது எட்டாமவராக வைத்திருப்பது இவரைத்தான். தம் ஊரில் செல்வராக இருப்பவரும், வழியில் கைப்பொருளின்றி நின்றுவிட்டால் ஸகாத் பெறலாம் என்பது ஃபிக்ஹு நூல்கள் காட்டும் சட்டம். ஷாஃபிஈ மத்ஹபினர் இன்னும் ஒருபடி மேலே சென்று, சொந்த ஊரிலிருந்து பயணம் தொடங்க நாடி அதற்கு வழியற்றிருப்பவரையும் இவ்வகையில் சேர்ப்பர்.

இப்பாடத்தை நடத்தும் ஆண்டுகளிலெல்லாம் மாணவர் ஒருவரேனும் எழுந்து ஒரு கேள்வி கேட்பதுண்டு. இரயிலும் விமானமும் தங்கும் விடுதிகளும் நிறைந்துவிட்ட இக்காலத்தில் ‘இப்னுஸ் ஸபீல்’ எங்கே இருக்கிறார்? இதற்கு விடையாக நாம் எடுத்துக்காட்டும் ஊர்களுள் ஒன்று முஸ்லிம் நாடுகளில் உள்ளதன்று. அது அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுப்பகுதியில், புல்வெளிச் சமவெளியில் அமைந்த நார்த் பிளாட் என்னும் சிறு நகரம். அவ்வூரின் பெருமையைச் சொல்வோர் பலர். ஆயினும் அதன் கதையை முழுமையாகச் சொன்னால்தான் நம் பாடம் விளங்கும் என்பது நம் கருத்து.

நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், வட பிளாட், தென் பிளாட் என்னும் இரு ஆறுகள் ஒன்றுகூடிப் பிளாட் ஆறு என்று பெயர்பெறும் இடத்தில் இவ்வூர் இருக்கிறது. பிளாட் என்பது தட்டையானது எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். அவ்வாற்றுக்கு அங்குள்ள பூர்வகுடியினர் வழங்கிய பெயரும் தட்டையான நீர் என்ற பொருளையே தருவது. அப்பெயரே திரிந்து மாநிலத்தின் பெயராயிற்று. ஒரே கருத்தை இரு மொழிகளும் தனித்தனியே சொல்லும் அளவுக்குத் தட்டையான நிலம் அது. மழை குறைவு, காற்று மிகுதி. மரங்கள் ஆற்றோரத்தில் மட்டுமே அடர்ந்து நிற்கும். பானீ, லக்கோட்டா, செயென் ஆகிய பூர்வகுடி மக்கள் காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்த இவ்வெளியில், 1866ஆம் ஆண்டு யூனியன் பசிபிக் இரயில் பாதை வந்து சேர்ந்தது. அதன் தலைமைப் பொறியாளர் கிரென்வில் டாட்ஜ் இவ்வூருக்கு மனை வகுத்தார். கண்டத்தைக் குறுக்கே இணைக்கும் முதல் இரயில் பாதை முழுமை பெற்றது 1869இல். ஆக, ஊர் இருந்து இரயில் வந்த கதை இதுவன்று; இரயில் வந்ததால் ஊர் உண்டான கதை.

அங்கே ஊர் உண்டானதற்குக் காரணம் நீராவி எஞ்சினின் தேவைதான். அவ்வகை எஞ்சின் நெடுந்தொலைவு ஒரே மூச்சில் ஓடாது. குறிப்பிட்ட தொலைவுக்கு ஒருமுறை நீர் நிரப்ப வேண்டும், எண்ணெயிட வேண்டும், ஓட்டுநர் குழுவை மாற்ற வேண்டும். இப்பணிகளுக்கு யூனியன் பசிபிக் தேர்ந்த இடங்களுள் ஒன்று நார்த் பிளாட். இரயில்வே ஊழியர்களும் சுற்றுப்புறத்துக் கால்நடைப் பண்ணையாளர்களுமே ஊர் மக்கள். பஃபலோ பில் என்று உலகெங்கும் பெயர்பெற்ற வில்லியம் கோடி தம் பண்ணை வீட்டை 1886இல் இங்கேதான் கட்டினார். கொட்டகை வித்தைக்காரரான அவரைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். நமக்கு இங்கு அவர் தேவையில்லை. நமக்கு வேண்டியது, எந்த வண்டியாயினும் பத்து அல்லது பதினைந்து நிமிடம் இவ்வூரில் நின்றே ஆகவேண்டும் என்ற அந்தச் சிறு விவரம்.

1941 டிசம்பர் 7ஆம் நாள் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அமெரிக்கா போரில் இறங்கியது. பத்து நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று, நார்த் பிளாட்டில் ஒரு வதந்தி பரவிற்று. நெப்ராஸ்கா தேசியக் காவற்படையின் ‘டி’ பிரிவு, அதாவது அவ்வூர்ப் பிள்ளைகள் இருந்த படைப்பிரிவு, மேற்குக் கரை நோக்கிச் செல்லும் வழியில் தம் ஊரில் நிற்கப்போகிறது என்பது செய்தி. உறவினரும் நண்பர்களுமாக ஏறக்குறைய ஐந்நூறு பேர் தின்பண்டங்களும் பரிசுப் பொருள்களும் ஏந்தி நிலையத்தில் காத்திருந்தனர். வண்டி வந்தது, அதில் இருந்தவர்களோ கன்சாஸ் மாநிலத்துப் பிள்ளைகள். அதுவும் ‘டி’ பிரிவுதான். மாநிலம் மட்டும் வேறு. கூடியிருந்தோர் சற்று நேரம் திகைத்து நின்றனர். பிறகு, தம் மக்களுக்கென்று கொண்டுவந்தவற்றையெல்லாம் அந்த முகமறியாத இளைஞர்களின் கைகளில் கொடுத்துவிட்டு வீடு திரும்பினர்.

அக்கூட்டத்தில் நின்றவர்களுள் ஒருவர் ரே வில்சன் என்னும் இருபத்தாறு வயதுப் பெண். மருந்துக் கடை ஒன்றில் விற்பனையாளர். அவருடைய சகோதரரே நெப்ராஸ்கா ‘டி’ பிரிவின் தலைவர். மறுநாளே அவர் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். இவ்வழியே செல்லும் படைவீரர் அனைவருக்கும் இவ்வாறு உணவளிக்க ஓர் ஏற்பாடு செய்தால் என்ன என்பது அதன் சாரம். யூனியன் பசிபிக்கின் தலைவராக அப்போது இருந்த வில்லியம் ஜெஃபர்ஸ் இதே ஊரில் பிறந்தவர்; சிறுவனாக இரயில்வே வேலையில் சேர்ந்து தலைமைப் பதவிவரை உயர்ந்தவர். நிலையத்தின் உணவறையைப் பயன்படுத்த அவர் இசைவளித்தார். 1941 டிசம்பர் 25 அன்று முதல் வண்டிக்கு உணவு பரிமாறப்பட்டது. உடல்நலக் குறைவால் ரே வில்சன் விலகியபின் ஹெலன் கிரைஸ்ட் என்னும் அம்மையார் பொறுப்பேற்று இறுதிவரை நடத்தினார். 1946 ஏப்ரல் 1 வரை, நான்காண்டுகளுக்கும் மேலாக, வந்த வண்டிகள் அனைத்தும் எதிர்கொள்ளப்பட்டன. உணவு பெற்றோர் தொகை அறுபது இலட்சத்துக்கும் மேல். அப்போது ஊரின் மக்கள்தொகை ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம்.

இதை எவ்வாறு செய்தார்கள் என்பதுதான் சிந்திக்கத்தக்கது. சில நாள்களில் இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் வந்தன. நாளொன்றுக்கு மூவாயிரம் முதல் ஐயாயிரம் வீரர்கள். பன்னிரண்டாயிரம் பேர் கொண்ட ஊர் தனியே தாங்கக்கூடிய சுமையன்று. எனவே சுற்றுப்புறச் சிற்றூர்கள் தோள்கொடுத்தன. நெப்ராஸ்காவிலும் அண்டை மாநிலமான கொலராடோவின் வடகிழக்கிலும் இருந்த 125 ஊர்கள் முறைவைத்துப் பணிசெய்தன. இன்ன நாள் இன்ன ஊருக்கு என்று குறிக்கப்பட்டது. அந்நாளில் அவ்வூர்ப் பெண்கள் தாம் சமைத்தவற்றை எடுத்துக்கொண்டு, சிலர் நூறு மைலுக்கு அப்பாலிருந்தும், வந்து சேர்ந்தனர். தொண்டு செய்தோர் மொத்தம் ஐம்பத்தையாயிரம் பேர் என்பது கணக்கு. தேவாலய மாதர் சங்கங்கள், பள்ளிப் பிள்ளைகள், உழவர் குடும்பங்கள் என எல்லாரும் அதில் இருந்தனர்.

போர்க்காலமாதலால் சர்க்கரை, காபி, இறைச்சி, மோட்டார் வாகன எரிபொருள் என யாவும் ரேஷனில் அளந்து தரப்பட்டன. தம் வீட்டுப் பங்கிலிருந்து மிச்சம் பிடித்தே அம்மக்கள் கேக் செய்தார்கள். இறைச்சி போதாதபோது, வயல்வெளிகளில் மிகுதியாகத் திரிந்த ஃபெசன்ட் என்னும் காட்டுப் பறவையை வேட்டையாடி, அதன் இறைச்சியை ரொட்டித் துண்டுகளுக்கிடையே வைத்துக் கொடுத்தார்கள். அவித்த முட்டை, காபி, பால், பழம், படிப்பதற்கு இதழ்கள் ஆகியனவும் உண்டு. அன்று பிறந்தநாள் காணும் வீரர் எவரேனும் இருப்பின் அவருக்கென முழுக் கேக் ஒன்று தனியே வழங்கப்பட்டது. வண்டியை விட்டு இறங்க இயலாதோர்க்கு இளம்பெண்கள் கூடைகளை ஏந்திச் சென்று கொடுத்தனர். எவரிடமும் காசு வாங்கவில்லை. அரசுப் பணமும் இல்லை. அதிபர் ரூஸ்வெல்ட் அனுப்பிய ஐந்து டாலரைக் கேட்டால் புன்னகைதான் வரும். ஏலம், நடன நிகழ்ச்சி, பழைய இரும்பு விற்பனை என்று ஊராரே நிதி திரட்டினர். ஏலக் கூடத்தில் தன் சட்டையையே கழற்றி ஏலம் விட்டு, கிடைத்ததைக் கொடுத்து, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான்.

படை வண்டிகளின் வருகை போர்க்கால இரகசியம். அதனை வெளிப்படச் சொல்ல இரயில்வேக்கு உரிமையில்லை. ஆகவே காபிப் பானை அடுப்பில் ஏறிவிட்டது என்று சங்கேதமாகச் செய்தி வரும். அதைக் கேட்டதும் மேசைகளை நிரப்புவார்கள். பத்து நிமிடத்தில் முந்நூறு நானூறு பேர் ஓடிவந்து, உண்டு, நன்றி சொல்லி, ஓடிவிடுவர். அவர்களுள் எத்தனை பேர் போர்முனையிலிருந்து திரும்பினர் என்பதைப் பரிமாறிய கைகள் அறியவே இல்லை.

இதைப் படிக்கும்போது இப்னு பதூதா அவர்களின் பயண நூல் நம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 1326இல் டமாஸ்கஸை அடைந்த அவர், அந்நகரின் வக்ஃபுகளை வியந்து விவரிக்கிறார். வழிப்போக்கருக்கு உணவும் உடையும், ஊர்போய்ச் சேரும் செலவும் தருவதற்கென்றே வக்ஃபுகள் இருந்தன. கையிலிருந்த சீனத் தட்டைத் தவறவிட்டு உடைத்துவிட்ட அடிமைச் சிறுவனுக்கு, எசமானின் சினத்துக்கு ஆளாகாதபடி அதன் விலையைக் கொடுத்த வக்ஃபும் இருந்தது. ஆயினும் நார்த் பிளாட்டோடு நெருங்கி வருவது டமாஸ்கஸ் அன்று. 1330களின் தொடக்கத்தில் அவர் கண்ட அனத்தோலியாவின் ‘அகீ’ கூட்டத்தினரே. இவர்கள் கைத்தொழில் செய்யும் இளைஞர்கள். பகலெல்லாம் உழைத்து, அஸருக்குப் பின் அன்றைய வருமானத்தைத் தம் தலைவரிடம் சேர்ப்பர். அதில் பழமும் உணவும் வாங்கி, அன்று ஊருக்கு வந்த பயணியை உபசரிப்பர். பயணி எவரும் வராத நாளில் தாமே கூடியுண்டு, காலையில் தொழிலுக்குத் திரும்புவர். அந்தாலியா நகரில் கந்தலாடை அணிந்த ஒருவர் வந்து இப்னு பதூதாவை விருந்துக்கு அழைத்தார். இவ்வளவு வறியவருக்குச் சுமையாவானேன் என்று அவர் தயங்கினார். பின்னரே தெரிந்தது, அவர் தோல் தைக்கும் தொழிலாளி என்பதும், ஏறக்குறைய இருநூறு தொழிலாளர்களின் தலைவர் என்பதும். வேறோர் ஊரில் இரு ‘அகீ’ குழுவினர் அவருடைய குதிரைகளின் கடிவாளத்தைப் பற்றிக்கொண்டு தமக்குள் சண்டையிட்டனர். கொள்ளையர் என்று அவர் அஞ்சினார். யார் வீட்டு விருந்தாளி என்பதே பூசல். இறுதியில் சீட்டுப் போட்டுத் தீர்த்துக்கொண்டனர்.

செல்வர் ஒருவர் நிலத்தை எழுதிவைப்பது ஒருவகைக் கொடை. அன்றாட உழைப்பாளிகள் அன்றன்று சேர்த்து அன்றன்றே கொடுப்பது இன்னொரு வகை. அகீகளும் நார்த் பிளாட்டின் பெண்களும் இரண்டாம் வகையினர். சமயமும் மொழியும் வேறு. அறுநூறு ஆண்டு இடைவெளி. ஆயினும் செயலின் அமைப்பு ஒன்றே.

இத்துடன் நிறுத்திக்கொள்வது எளிது. அமெரிக்காவில் இதுபற்றி வந்த பல எழுத்துகள் இத்துடன் நிறுத்திக்கொள்ளவே செய்கின்றன. ஆனால் அதே ஊரில், அதே மக்களிடையே, வேறு இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன.

முதலாவது 1929 ஜூலை 13 அன்று. கறுப்பின மனிதர் ஒருவர் வெள்ளை இனக் காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். அவரும் அதே நாளில் மாண்டார். குற்றம் ஒருவருடையது, தண்டனையோ ஓர் இனத்துக்கு. வெள்ளையர் கும்பல் ஒன்று கறுப்பினத்தார் வாழ்ந்த வீடுகளுக்குச் சென்று, ஊரைவிட்டு வெளியேறுமாறு அச்சுறுத்தியது. குடும்பங்கள் உடைமைகளை விட்டுவிட்டு இரயிலிலும் கால்நடையாகவும் வெளியேறின. சிலர் பின்னர் திரும்பி வந்தனர், பலர் வரவில்லை.

இரண்டாவது, வதந்தி கேட்டு ஐந்நூறு பேர் நிலையத்தில் கூடியதற்குப் பத்து நாள் முன்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஜப்பானியத் தொழிலாளர்கள் இரயில் பாதை வேலைக்கும் சர்க்கரைக் கிழங்கு வயல்களுக்குமாக இப்பகுதியில் குடியேறி வாழ்ந்து வந்தனர். அவர்களிடையே பணிபுரிந்தவர் ஹிராம் கானோ என்னும் பாதிரியார். டோக்கியோவில் பிறந்து 1916இல் நெப்ராஸ்காவுக்கு வந்தவர். பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட அதே டிசம்பர் 7 அன்று, நார்த் பிளாட் தேவாலயத்தில் வழிபாட்டை முடித்து வெளியே வந்தவரை அரசு கைது செய்தது. கால் நூற்றாண்டு அம்மண்ணில் வாழ்ந்தவர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார், 1944இல்தான் விடுதலையானார். முகாமிலும் உடனிருந்த கைதிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார் என்பது அவர் வரலாறு.

கைது அரசின் செயல், ஊராரின் செயலன்று. இதை நாம் மறக்கவில்லை. 1929இல் கும்பலாகத் திரண்டவர்களும் 1941இல் கேக் சுட்டவர்களும் அதே ஆட்கள்தாமா என்றும் எவரும் கேட்கலாம். ஊர் ஒன்று, இடைவெளி பன்னிரண்டே ஆண்டுகள். அதற்குமேல் நாம் எவர்மீதும் பழி சுமத்தவில்லை. இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் படையில் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணை 1948இல்தான் வந்தது. அதற்கு முன்பே, கறுப்பின வீரர்கள் இந்நிலையத்து உணவறைக்குள் மற்றவரைப் போலவே வரவேற்கப்பட்டனர் என்பதை அங்கே பணிபுரிந்தோர் பலரும் நினைவுகூர்ந்துள்ளனர். பல ஊர்களில் உணவகத்தின் பின்வாசலுக்கு அனுப்பப்பட்ட அவ்வீரர்களுக்கு அது எத்தகைய அனுபவமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் புதிர் இன்னும் கூர்மையாகிறது. பயணியாக வந்த கறுப்பினத்தவருக்கு மேசையில் இடம் கிடைத்த ஊரில், குடியிருந்த கறுப்பினத்தவருக்குத் தெருவில் இடம் கிடைக்கவில்லை. ஏன்? நமக்குத் தோன்றும் விடை இதுதான். பாதையின் மகன் பத்து நிமிடத்தில் போய்விடுவான். அவன் நம் வேலையில் பங்கு கேட்பதில்லை, நம் தெருவில் வீடு கேட்பதில்லை. அவனுக்குக் கொடுப்பதற்குப் பை திறந்தால் போதும். அண்டை வீட்டாரோ நாளையும் இருப்பார்; அவருடைய பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு பள்ளி செல்வர். அவருக்கு நாம் கொடுக்க வேண்டியது உணவன்று, இடம்.

அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனத்தை இவ்விடத்தில் நினைக்க வேண்டும். நன்மை செய்யப்பட வேண்டியவர்களின் வரிசையில் பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள் ஆகியோருக்குப் பின் உறவுள்ள அண்டை வீட்டார், அந்நியரான அண்டை வீட்டார், பக்கத்தில் இருக்கும் தோழர், வழிப்போக்கர் என்று அடுத்தடுத்து வருகின்றனர். ‘அல்ஜாருல் ஜுனுப்’ என்ற தொடர் உறவும் சமயமும் வேறுபட்ட அயலாரையும் உள்ளடக்கும் என்பதை இமாம் தபரீ அவர்கள் தம் தஃப்ஸீரில் எடுத்துரைக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் தோழர் என்பதற்குப் பயணத்தோழர், வாழ்க்கைத் துணைவி, ஒருவரை அண்டி வாழ்பவர் எனப் பல பொருள்கள் சொல்லப்பட்டதைக் கூறி, எல்லாமே பொருந்தும் என்று முடிக்கிறார்கள். வழிப்போக்கரையும் அயலாரையும் ஒரே வசனம் ஒரே மூச்சில் சொல்வதை, ஒருவருக்குச் செய்வது மற்றவருக்குச் செய்ததாக ஆகாது என்றே நாம் விளங்கிக்கொள்கிறோம். விருந்தினரின் உரிமைக்கு ஹதீஸில் மூன்று நாள் என்று எல்லை உண்டு. அதற்குமேல் கொடுப்பது தர்மம். அண்டை வீட்டாரின் உரிமைக்கு அத்தகைய நாள்கணக்கு சொல்லப்படவில்லை. ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைக் குறித்து இடைவிடாது அறிவுறுத்தியதால், அவர்களுக்குச் சொத்தில் வாரிசுப் பங்கே வந்துவிடுமோ என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியதாக வரும் செய்தி நாம் அறிந்ததே.

போருக்குப் பின் அவ்வூர் மாறியது. நீராவி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்தபோது நின்று நீர் நிரப்பும் தேவை அற்றது. 1971இல் பயணியர் வண்டிகள் அடியோடு நின்றன. 1973இல் அந்த நிலையக் கட்டடமே இடிக்கப்பட்டது. அறுபது இலட்சம் பேர் உண்ட அறையைக் காப்பாற்றாமல் விட்டதை எண்ணி ஊரார் இன்றும் வருந்துவர். ஆனால் இரயில்வே போகவில்லை. நகரின் மேற்கே எட்டு மைல் நீளத்தில், 2,850 ஏக்கரில் விரிந்துள்ள பெய்லி யார்டு உலகின் மிகப் பெரிய இரயில் யார்டு எனப்படுகிறது. சரக்குப் பெட்டிகளைச் செயற்கை மேடுகளின் உச்சிக்குத் தள்ளி, சரிவில் தாமே உருண்டோடச் செய்து, செல்லும் திசைவாரியாகப் பிரித்துக் கோக்கிறார்கள். பார்வையாளருக்கென 2008இல் உயர்ந்த கோபுரம் ஒன்றும் திறக்கப்பட்டது. ஆயினும் நிறுவனம் 2018க்குப் பின் வண்டி இயக்க முறையை மாற்றியதில் வேலைகள் குறைந்தன. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இருபத்துமூன்றாயிரத்துச் சொச்சம்.

பழைய பண்பும் அடியோடு போய்விடவில்லை. 2018 ஜூன் மாதம், பயிற்சி முடித்துப் பேருந்துகளில் ஊர்திரும்பிய ஆர்கன்சாஸ் படைவீரர் சுமார் 700 பேரை இவ்வூரார் மீண்டும் கூடி, உணவளித்து வரவேற்றனர்.

2025இல் நார்த் பிளாட்டில் புதிய மாட்டிறைச்சித் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான ஆட்கள் தேவைப்படும் வேலை அது. அதே ஆண்டு நவம்பரில், அதே இரயில் பாதையில் கிழக்கே அறுபது மைல் தொலைவிலுள்ள லெக்சிங்டன் என்னும் சிற்றூரில், ஏறத்தாழ 3,200 பேர் பணியாற்றிய இறைச்சித் தொழிற்சாலையை 2026 ஜனவரியில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. லெக்சிங்டனில் இலத்தீன் அமெரிக்கக் குடும்பங்களோடு, இத்தொழிலை நம்பிப் பல ஆண்டுகளாகக் குடியேறிய சோமாலிய முஸ்லிம் குடும்பங்களும் வாழ்கின்றன. அவர்களுக்கென்று அங்கே பள்ளிவாசலும் உண்டு. அவர்களுள் வேலை தேடி மேற்கு நோக்கிப் புறப்படுவோருக்கு வழியில் முதலில் வரும் பெரிய ஊர் நார்த் பிளாட். அங்கே அவர்கள் இறங்கினால், வாடகைக்கு வீடு கேட்பார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பார்கள், ஜும்ஆ தொழுவதற்கு ஓர் இடம் தேடுவார்கள்.